ஆறு போல்ட் சீர்

11 ஜூன் 2025, புதன்

பள்ளி அலுவலகத்தில் இன்றும் அட்மிஷன் கூட்டம். டி.சி. இல்லாமல் வந்து என்னோடு சண்டை போட்டவர்களே பாதிப் பேர். தலைவலியோடு வீட்டுக்கு வந்தால் ஜெஸி போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் சிலை போல நிற்கிறாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது.

"அண்ணன் பேசுச்சுங்க" என்றாள்.

ஆறு வருஷம் கழித்து! மகள் ஆஷ்லின் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கியபோது அடித்த ஃபிளெக்ஸ் பேனரில் தாய்மாமன் படம் தபால்தலை அளவுக்குச் சிறுத்துப்போனது. என் சித்தப்பா படம் மட்டும் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. பேனர் கடைக்காரன் செய்த கூத்து என்று சொன்னால் யார் கேட்பது? பந்தியில் இலை போட்டபிறகு எழுந்து போனார் மச்சான் இன்பசேகரன். அதோடு பேச்சு நின்றது. நடுவில் ஜெஸிக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பேரையூரிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, வாட்ச்மேனிடம் இளநீரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே வரவில்லை. அன்று அவள் அழுதது தையல் வலிக்காக அல்ல.

அப்பா அம்மா போய்விட்ட பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு அண்ணன்தான்.

"ஞாயித்துக்கிழம புது மாடி மந்திரிப்புக்கு வாரேன், சீரோட வாரேன்னு சொல்லுச்சு." சொல்லிவிட்டு முந்தானையால் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். புதுச்சேலை.

15 ஜூன், ஞாயிறு

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை.

சீர் என்றால் பீரோ வரும், கட்டில் வரும், மிஞ்சினால் வாஷிங் மெஷின் வரும். மச்சான் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து இறக்கியது நான்கு சக்கரங்கள். காட்டுவழி ஓடுகிற ஜீப்புக்குப் போடும் சக்கரங்கள், டயரோடு, என் இடுப்பு உயரம். ஒவ்வொன்றுக்கும் சம்பங்கி மாலை. ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் உருட்டிவர, முன்னால் பேண்டு செட்டு, பின்னால் பழத்தட்டோடு பேரையூர்ப் பெண்கள். எங்கள் பசுமலையே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அழகம்மாள் அக்கா, "ஏன் ஜூடு தம்பி, லாரி வாங்கப் போறீகளா?" என்று கேட்டது.

விஷயம் என்னவென்றால், மச்சான் ஆஷ்லினுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறார். அவள் "டயரு" என்று சொல்லியிருக்கிறாள். பொய்யில்லை. பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்களோடு வற்றிய கண்மாய்ச் சேற்றில் விட்டு எடுப்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம். இப்படிப்பட்ட சக்கரத்துக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! மாலையை விலக்கிவிட்டுத் தடவிப் பார்த்தேன். அப்போதுதான் நடுவில் இருந்த ஓட்டைகளை எண்ணினேன்.

ஆறு.

என் ஜீப்பில் ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட்.

வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஜெஸி அண்ணன் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். மூடிக்கொண்டேன். ஃபாதர் மாடியை மந்திரித்துவிட்டு, கையோடு நான்கு சக்கரத்துக்கும் தீர்த்தம் தெளித்தார்.

கிளம்பும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆகஸ்டு பதினஞ்சு மாதா திருவிழாவுக்கு வாரேன் மாப்ள. இந்த வீலு போட்ட வண்டியில என் தங்கச்சியோட கோயிலுக்குப் போகணும். ஊரு பாக்கணும்."

"கண்டிப்பா மச்சான்" என்றேன். என் வாயில் மண்.

16 ஜூன், திங்கள்

ஜெஸியிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இதில் ஒரு கொடுமை: ஐந்து போல்ட்டும் ஆறு ஓட்டையும் ஒரே அளவு வட்டத்தில் இருக்கின்றன. அதனால் ஒரு போல்ட் மட்டும் ஓட்டைக்குள் அழகாகப் போகிறது. மற்ற நான்கும் இரும்பில் முட்டுகின்றன.

"ஒண்ணு சேருதுல்ல? ஒண்ணு போதாதா?" என்றாள்.

"போதும், நிக்கிற வண்டிக்கு."

திருப்பிக் கொடுத்து, ஐந்து ஓட்டை போட்டதாக மாற்றித் தரச் சொல்லலாமே என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் முகம் போன போக்கு!

"சீரத் திருப்புறதும் செருப்பால அடிக்கிறதும் ஒண்ணுதாங்க. போட்டோ சின்னதாப் போனதுக்கே ஆறு வருசம். இதுக்கு எம்புட்டு வருசம்? நான் செத்தா கோடித் துணி போடவாவது அது வரணுமா வேண்டாமா?"

சக்கரத்தை மாற்ற முடியாது. ஆகவே வண்டியை மாற்ற வேண்டும்.

18 ஜூன், புதன்

மச்சான் வாட்ஸ்அப்: "மாப்ள, வீலு மாட்டியாச்சா? போட்டோ போடுங்க."

மாலை நானும் ஆஷ்லினும் இரண்டு சக்கரங்களை உருட்டிப்போய், ஜீப்பின் சின்னச் சக்கரங்களை மறைத்து நிற்கிற மாதிரி சாய்த்துவைத்து, பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பினோம். அச்சு அசல். அவர் அதை ஸ்டேட்டஸில் போட்டு, "தங்கச்சி வீட்டுக்குத் தாய்வீட்டுச் சீர்" என்று எழுதினார்.

உடனே அடுத்த செய்தி. "ஓட்டி ஒரு வீடியோ."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து உடம்பைக் குலுக்கினேன். ஆஷ்லின் போனை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு ஓடினாள். ஜெஸி பின்னால் நின்று வண்டியை ஆட்டினாள். அழகம்மாள் அக்கா வாசலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

21 ஜூன், சனி

திருநகர் போகிற வழியில் ஷெட் வைத்திருக்கும் மருதுவிடம் போனேன். என் ஜீப்பைப் பல வருஷமாகப் பார்க்கிற மெக்கானிக். எந்த வேலைக்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. அதுவே அவனுடைய பெரிய குணம், அதுவே பெரிய ஆபத்து.

லேத்தில் கொடுத்து ஒரு தகடு செய்து, ஒரு பக்கம் ஐந்து போல்ட், மறுபக்கம் ஆறு போல்ட் வைத்துவிடலாமே என்றேன். இரண்டு நாளாக யோசித்து நானாகக் கண்டுபிடித்தது.

"வைக்கலாம்ணே. ஆனா வீலு ஒரு சாண் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். நீங்க சேத்துல விடுற ஆளு. எங்கயாச்சும் வளைவுல வண்டி ஒரு பக்கம் போகும், வீலு ஒரு பக்கம் போகும்."

"அப்ப என்ன பண்ண?"

"ரெண்டு வீலையும் சேக்குற ஆக்ஸிலையே மாத்திருவோம். ஆறு போல்ட் ஆக்ஸில். முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு. நல்ல தடிமனா போட்டுட்டா உங்க கண்மாய்க்கும் ஆச்சு, மச்சானுக்கும் ஆச்சு."

வாயெல்லாம் பல் எனக்கு. வீட்டில் வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "வேற வழியே இல்ல ஜெஸி, ஆக்ஸிலை மாத்தித்தான் ஆகணுமாம்" என்றேன்.

"ரொம்ப வருத்தமா இருக்கீக போல" என்றாள்.

5 ஜூலை, சனி

ஆக்ஸில் தேடி அலைந்ததில் இரண்டு சனிக்கிழமை போயிற்று. இன்று காசிமாயனின் பழைய இரும்புக் கிடங்கில் கிடைத்தது. பெரிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய ஜோடி. ஒவ்வொரு முனையிலும் ஆறு போல்ட். நானே தொட்டுத் தொட்டு எண்ணினேன். காசிமாயன் பார்த்துவிட்டு, "ஆறுதாண்ணே. நேத்தும் ஆறுதான்" என்றார்.

12 ஜூலை, சனி

மருது இன்னும் தொடங்கவில்லை. கேட்டால் "பாக்குறேண்ணே." எதைப் பார்க்கிறான்?

16 ஜூலை, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் புது வேலை தொடங்கமாட்டேன் என்கிறான் மருது. திருவிழாவோ ஆடி முடிவதற்குள் வந்துவிடும்.

"ஏப்பா, நான் கிறிஸ்தவன், எனக்கு ஆடி கெடையாது" என்றேன்.

"உங்களுக்குக் கெடையாது. வெல்டிங் அடிக்கிற கை என் கைதானண்ணே?"

கடைசியில் ஒரு வழி அவனே சொன்னான். இன்றைக்கே தொட்டு வைத்துவிட்டால் ஆடியில் செய்வது பழைய வேலை ஆகிவிடுமாம். ஆபீஸில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். மருது புது ஆக்ஸிலைத் துடைத்து, சூடம் கொளுத்தி, ஒரே ஒரு பொட்டு வெல்டிங் அடித்தான். "ஆச்சு, ஆரம்பிச்சாச்சு" என்று கண்ணாடியைக் கழற்றினான். நான் பழக்க தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன். இருவருக்கும் திருப்தி.

26 ஜூலை, சனி

புதுச் சிக்கல். ஆக்ஸிலின் நடுவில், பல்சக்கரங்கள் உள்ளே இருக்கிற இடம் ஒரு பானை மாதிரி வீங்கியிருக்கும். எஞ்சினிலிருந்து வருகிற சுழல் தண்டு அந்தப் பானையில்தான் போய்ச் சேரவேண்டும். என் ஜீப்பில் தண்டு வலப்பக்கம் வருகிறது. வாங்கிய பின் ஆக்ஸிலில் பானை இடப்பக்கம்! ஆறு போல்ட்டையே எண்ணிக்கொண்டிருந்த எனக்குப் பானை கண்ணில் படவில்லை.

ஷெட் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மருது டீ குடித்துக்கொண்டே ஆக்ஸிலைச் சுற்றி வந்தான். திடீரென்று கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கவுத்துப் போட்டா?"

"என்னத்த?"

"ஆக்ஸில. தலகீழாக் கவுத்துப் போட்டா இடப்பக்கப் பானை வலப்பக்கம் வந்துருமா இல்லையா?"

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆமாம், வரும்! அப்படியே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த மூளைக்கு இவன் ராக்கெட் விட வேண்டியவன். ஜெஸியிடமும் பெருமையாகச் சொன்னேன். "கவுத்துனா எண்ணெய் கொட்டாதா?" என்று மட்டும் கேட்டாள். பெண்களுக்கு எஞ்சினியரிங் வராது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, உயிர்மேல் ஆசை.

2 ஆகஸ்ட், சனி

எண்ணெய் கொட்டுகிறது. மூச்சுவிடுகிற துளை இப்போது அடியில் இருக்கிறதாம். மருது அடைத்துவிட்டு மேலே வேறு துளை போட்டுவிட்டான். ஜெஸியிடம் சொல்லவில்லை.

முன் ஆக்ஸிலும் ஏறிவிட்டது. ஆனால் முன்சக்கரத்துக்குப் போகிற தண்டு நீளம் பத்தாததால் அதைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறான். இப்போதைக்குப் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். கோயிலுக்குப் போக அது போதும்.

இன்று சக்கரம் மாட்டினோம். ஆறு ஓட்டை, ஆறு போல்ட். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக. வண்டி யானைக்கன்று போல எழுந்து நிற்கிறது. இந்த வண்டியில் நான் சேற்றில் இறங்கினால்!

9 ஆகஸ்ட், சனி

மச்சான் தினமும் ஜெஸிக்குப் போன் போடுகிறார். திருவிழாவுக்கு என்ன கலர் சட்டை போடட்டும் என்று கேட்கிறார். இவள் சேலை கலரைச் சொல்லி அதற்குப் பொருத்தமாகப் போடச் சொல்கிறாள். இத்தனை வருஷத்தில் ஜெஸி அடுப்படியில் பாடி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். சுருதி சுத்தமாக இல்லை. பாடட்டும்.

13 ஆகஸ்ட், புதன்

கடவுளே.

வண்டியை எடுக்க ஷெட்டுக்குப் போனேன். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மருது எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தாலும் உதவி உதவிதானே. ஏறி உட்கார்ந்தேன், முதல் கியரைப் போட்டேன், கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போயிற்று.

போனது மட்டுமா, பின்னால் நிறுத்தியிருந்த மருதுவின் பைக்கை ஏறி மிதித்துவிட்டுத்தான் நின்றது. பழங்கள் நான்கும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

"கியரு தப்பாப் போட்டுட்டீகண்ணே" என்று அலறினான். அவனே ஏறினான். முதல் கியர், பின்னால். இரண்டாவது, அதைவிட வேகமாகப் பின்னால். மூன்றாவதைப் போடவேண்டாம் என்று கெஞ்சினேன். அப்புறம் ரிவர்ஸைப் போட்டுப் பார்த்தான். வண்டி சாதுவாக முன்னால் நகர்ந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கியது.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஆக்ஸிலைக் கவிழ்த்தால் பானை மட்டுமா பக்கம் மாறும்? சக்கரம் சுற்றுகிற திசையும்தானே மாறும்! முன் தண்டு கழற்றிக் கிடப்பது புண்ணியம். அதையும் மாட்டியிருந்தால் முன்சக்கரம் திருப்பரங்குன்றத்துக்கும் பின்சக்கரம் பழங்காநத்தத்துக்கும் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆக, உலகத்திலேயே பின்னால் போக நாலு கியரும் முன்னால் போக ஒரே கியரும் உள்ள வண்டி என்னிடம்தான் இருக்கிறது.

"கழட்டி நிமித்திப் போட எம்புட்டு நாளாகும்?"

"நிமித்துனா பானை மறுபடி இடப்பக்கம் போயிருமேண்ணே" என்றான் மருது, பைக்கைப் பார்த்துக்கொண்டே. அழுதுவிடுவான் போலிருந்தது. எனக்கும்தான்.

நாளை மறுநாள் திருவிழா.

14 ஆகஸ்ட், வியாழன்

ஜெஸியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு அண்ணன் வந்து பாத்துட்டு, நான் குடுத்த சீர வச்சுக் கூத்தடிக்கிறீகளான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இந்தத் தடவ போச்சுன்னா அவ்வளவுதாங்க."

கோயில் பக்கம்தான், ரிவர்ஸ் கியரிலேயே முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், மெதுவாகப் போனால் திருவிழாக் கூட்டத்துக்காக என்று நினைத்துக்கொள்வார் என்றேன். சாயங்காலம் தெருவில் ஓட்டிப் பழகினேன். ஓடுகிறது. ஆனால் ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது. வண்டியின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "கவனம், வண்டி பின்னால் வருகிறது! கவனம், வண்டி பின்னால் வருகிறது!" என்று விடாமல் கத்துகிறது. முன்னால் போகிற வண்டியில்! மருது வந்து ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. குரல் இன்னும் கூடிவிட்டது.

மாதாவே, நீயே துணை.

15 ஆகஸ்ட், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மச்சான் வந்துவிட்டார். ஜெஸி சேலைக்குப் பொருத்தமாக மயில்நீலச் சட்டை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டினார். "ராசா மாதிரி நிக்குதே மாப்ள!" உயரமாகிவிட்டதால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதாயிற்று. ஜெஸி சேலை தடுக்கி ஒருமுறை விழப்போனாள். முன்சீட்டில் அவர், பின்னால் அவளும் ஆஷ்லினும்.

ரிவர்ஸைப் போட்டேன்.

"கவனம், வண்டி பின்னால் வருகிறது!"

பின்னால் கோயிலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். முன்னால் போனவர்கள் அசையவே இல்லை. ஹாரனை அடித்துக்கொண்டு ஊர்ந்தேன். நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வேட்டி கட்டிய தாத்தா ஒருவர் தாண்டிப் போனார். குரல் நிற்கவே இல்லை.

பாதித் தெருவில் மச்சான் என் கையைப் பார்த்தார். கியரைப் பார்த்தார். டிராக்டர் ஓட்டுகிற மனுஷன், தெரியாமலா இருக்கும்?

"மாப்ள, ஏன் ரிவர்ஸ் கியர்ல முன்னால போறீக?"

"கூட்டம்ல மச்சான். மெதுவாப் போகணும்ல" என்றேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

பின்னாலிருந்து ஜெஸி வெடித்தாள்.

"அண்ணே, நீ குடுத்த வீலு இந்த வண்டிக்குச் சேரலண்ணே! உனக்கு அஞ்சா ஆறான்னு தெரியல. திருப்பிக் குடுத்தா நீ மறுபடி பேசமாட்டேன்னு வண்டியவே அறுத்துக் கவுத்துப் போட்டுட்டோம். இப்ப முன்னால போகச் சொன்னா பின்னால போகுது!"

நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். மச்சான் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

"அப்ப அந்த வீடியோ?" என்றார் மச்சான்.

"அம்மா பின்னாடி நின்னு ஆட்டுனாங்க மாமா" என்றாள் ஆஷ்லின்.

நடுவில் அந்தப் பெண் குரல் வேறு. கவனம். கவனம்.

"அடிப் பாவி, ஒரு வார்த்த சொன்னா நான் மாத்திக் குடுத்திருக்க மாட்டேனா? உங்கண்ணன அம்புட்டு மோசமானவன்னா நெனச்ச?"

"ஆமா" என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். நிறுத்தத் தேவையே இல்லை, அந்த வேகத்தில் யாரும் இறங்கலாம். அவர் இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில உள்ள வந்திருக்கணும் பாப்பா. வாசல்வரைக்கும் வந்தவன் உள்ள வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்தான்" என்று அழுதாள் ஜெஸி. "இளநியக் குடுத்துட்டுப் போனியே, அது முத்துன தேங்காண்ணே. தண்ணியே இல்ல."

அதற்கப்புறம் இருவரும் பேசிய பேச்சு! அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து அண்ணி முட்டுவலி வரைக்கும் ஆறு வருஷத்து நியாயம். வண்டி போன வேகத்துக்கு அத்தனைக்கும் நேரம் இருந்தது. கோயிலுக்குள் நுழையும்போது பூசையில் பிரசங்கமே பாதி முடிந்துவிட்டது. ஃபாதர் ஒரு பார்வை பார்த்தார்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மச்சான் காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன், ராத்திரி ஒரு போன். பேரையூரில் உரத்துக்கு டிமாண்டு என்பதெல்லாம் எனக்கு எதற்கு? ஜெஸி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கிறாள்.

மருது வேறு ஓர் ஆறு போல்ட் ஆக்ஸிலைக் கண்டுபிடித்துவிட்டான். இந்தத் தடவை பானை வலப்பக்கம்தானா என்று நானே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

6 செப்டம்பர், சனி

வண்டி முன்னால் போகிறது! முதல் கியரில் முன்னால்! பைக்கைத் தூரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மருது கிளட்சை விட்டான். அடுத்த ஞாயிறு கண்மாய். நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். இத்தனை பாடுபட்டு என் வண்டி என் சக்கரத்தோடு சேற்றில் இறங்கப்போகிறது.

12 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெஸி திண்டாடித் திண்டாடி ஏறிப் பார்த்தாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அப்புறம் போனை எடுத்தாள். நான் வழக்கமான பேச்சு என்று கவனிக்கவில்லை.

"அண்ணே, இந்த வீலு வேண்டாம், வந்து எடுத்துட்டுப் போ."

கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது.

"ஏறவும் முடியல, எறங்கவும் முடியல. மார்க்கெட்டுக்குப் போக நான் ஸ்டூலத் தூக்கிக்கிட்டு அலையணுமா? ரோட்டுல போனா ங்கொய்யுன்னு சத்தம், காது வலிக்குது. யாராச்சும் தங்கச்சிக்கு டயரச் சீராக் குடுப்பாகளா? கிரைண்டர் குடுத்தா ஆகாதா உனக்கு?"

ஜாடை காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் திரும்பி நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் மச்சான் கத்துவது எனக்கே கேட்டது. நன்றிகெட்ட கழுதை என்றார். இவள் நீதான் கழுதை என்றாள். பட்டென்று வைத்துவிட்டாள்.

"என்னடி பண்ணிட்ட? உங்கண்ணன் இனிமே இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டாருடி!"

"படுக்காட்டிப் போகட்டும்" என்று துணி மடிக்க உட்கார்ந்தாள். நான்தான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஆறு வருஷம், ஆக்ஸில், ஆடி, எல்லாம் இதற்குத்தானா?

பத்து நிமிஷம் இருக்கும். போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாளைக்கு குட்டியானை கொண்டாரேன்" என்றார் மச்சான், இன்னும் கோபமாகத்தான். "கிரைண்டர் எத்தன லிட்டர்?"

13 செப்டம்பர், சனி

மச்சான் வந்து நான்கு சக்கரத்தையும் அவரே கழற்றினார். மாலை இல்லை, பேண்டு இல்லை. பழைய சக்கரங்களைப் போடலாம் என்று எடுத்தேன். ஐந்து ஓட்டை.

"வண்டி இப்ப ஆறு போல்ட்டுல்ல மாப்ள" என்றார் மச்சான்.

ஜீப் செங்கல் மேல் நிற்கிறது. நாளைக்கு வரவில்லை என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அண்ணனும் தங்கச்சியும் அடுப்படியில் நின்று, மீன்குழம்புக்கு மாங்காய் போடுவதா வேண்டாமா என்று இப்போதுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.